கடலில் எல்லோரும் வலப்பக்கம்!

நம் ஊரில் சாலையின் இடப்பக்கம் போக வேண்டும். அமெரிக்காவில் வலப்பக்கம். ஜப்பானில் இடப்பக்கம், பக்கத்திலிருக்கும் கொரியாவில் வலப்பக்கம். கரையில் ஆளுக்கு ஒரு சட்டம். கடலில் மட்டும் ஒரே சட்டம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலோ, சிட்னியிலிருந்து வரும் கப்பலோ, எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் சரி, இரண்டு விசைக்கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

ஏன் இப்படி ஒரு விதி தேவை? கல்யாண மண்டப வாசலில் எதிரே ஒருவர் வேகமாக வருகிறார். அவருக்கு வழிவிட நீங்கள் இந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள், அவரும் அதே பக்கம் ஒதுங்குகிறார். சட்டென்று அந்தப் பக்கம் நகர்கிறீர்கள், அவரும் அங்கேயே வருகிறார். இருவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவீர்கள். முன்னூறு மீட்டர் நீளமுள்ள இரண்டு கப்பல்கள் இதே நடனத்தை ஆடினால் சிரிக்க ஆள் இருக்காது. இருவருக்குமே நல்ல எண்ணம் இருந்தும் மோதல் நடக்கும். காரணம், ஒருவர் என்ன செய்வார் என்று மற்றவருக்குத் தெரியாததுதான். அதை முன்கூட்டியே தெரியவைப்பதுதான் கடல் விதிகளின் வேலை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் கணவர் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகில் போகிறவர். "இவ்வளவு பெரிய கடலில், ஒரு கப்பலுக்கு எங்கள் படகை விட்டு விலகிப் போக இடமா இல்லை? கப்பல்காரர்களுக்குச் சட்டம் ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டிருந்தார். சட்டம் இருக்கிறது. படகுக்கு அது தரும் பாதுகாப்பும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதுதான் பல குடும்பங்களுக்குத் தெரியாமல் போகிறது. இந்த வாரம் அதைப் பார்க்கலாம்.

விதிகள் பிறந்த கதை

பாய்மரக் காலத்தில் காற்றுதான் போலீஸ்காரர். காற்றை எதிர்த்து நெளிந்து நெளிந்து போகும் கப்பலுக்கு, காற்றோடு போகிற கப்பல் ஒதுங்கும். மாலுமிகளுக்குள் இருந்த வழக்கம் அது. நீராவிக் கப்பல் வந்ததும் அந்த வழக்கம் போதவில்லை. நீராவிக் கப்பலுக்குக் காற்றின் தயவு வேண்டாம். எந்தத் திசையிலிருந்தும் எந்த நேரத்திலும் வரும்.

1840-ல் லண்டனின் டிரினிட்டி ஹவுஸ் என்ற அமைப்பு நீராவிக் கப்பல்களுக்கு முதலில் ஒரு விதித் தொகுப்பை எழுதியது. 1863-ல் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ஒரே விதிகளை ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அவற்றைப் பின்பற்றத் தொடங்கின. 1889-ல் வாஷிங்டனில் கடல்வழி நாடுகளின் மாநாடு கூடியது. இப்படிப் பல முறை திருத்தப்பட்டு, 1972 அக்டோபரில் லண்டனில் இப்போதைய விதிகள் உருவாயின. 1977 ஜூலை 15-லிருந்து நடைமுறையில் இருக்கின்றன. 'கடலில் மோதல் தவிர்ப்புக்கான சர்வதேச விதிகள்' என்பது முழுப்பெயர். கப்பல்காரர்கள் சுருக்கமாகக் 'கால்ரெக்ஸ்' என்பார்கள். கப்பலில் அதிகாரியாக வேண்டுமென்றால் இவற்றை மனப்பாடமாகவே சொல்லத் தெரிய வேண்டும்.

இந்த விதிகள் பெரிய கப்பல்களுக்கு மட்டுமானவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆழ்கடலிலும், அதனோடு இணைந்து கப்பல் போகக்கூடிய நீர்வழிகளிலும் செல்லும் எல்லாக் கலங்களுக்கும் பொருந்தும். விமானம் தாங்கிப் போர்க்கப்பலுக்கும் விதி இதுதான், ஃபைபர் படகுக்கும் இதுதான். துடுப்புப் போட்டுப் போகும் வள்ளத்துக்குக்கூட, இரவில் ஒரு டார்ச் விளக்கோ லாந்தரோ கைவசம் வைத்திருந்து மோதலைத் தவிர்க்கும்படி உரிய நேரத்தில் காட்ட வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறது.

சிவப்பும் பச்சையும்

இரவில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு விமானம் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலது இறக்கையில் பச்சை விளக்கு இருக்கும். விமானம் அதைக் கடன் வாங்கியது கப்பலிடமிருந்து.

கப்பலின் இடப்பக்கத்துக்குப் 'போர்ட்' என்று பெயர். அங்கே சிவப்பு விளக்கு. வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு'. அங்கே பச்சை விளக்கு. பழைய காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களின் சுக்கான் துடுப்பு வலப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. சுக்கான் பக்கம் என்பதுதான் ஸ்டார்போர்டு. சுக்கான் இடிபடாமலிருக்க எதிர்ப்பக்கத்தைத் துறைமுகச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். ஆங்கிலேயர்கள் அந்தப் பக்கத்தை முதலில் 'லார்போர்டு' என்றுதான் அழைத்தார்கள். புயலில் கத்தும்போது லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒன்றுபோலக் காதில் விழுந்து குழப்பியதால், 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை 'போர்ட்' என்று மாற்றிவிட்டது.

இந்த நிறங்கள் அலங்காரத்துக்கு அல்ல. இரண்டு விசைக்கலங்கள் ஒன்றின் பாதையை மற்றொன்று குறுக்கே வெட்டும்போது, எது தன் வலப்பக்கத்தில் மற்றதைப் பார்க்கிறதோ அதுதான் வழிவிட வேண்டும். வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறவரின் இடப்பக்கம்தானே உங்களுக்குத் தெரியும்? அதாவது சிவப்பு விளக்கு. சிவப்பைக் கண்டால் நீங்கள் ஒதுங்க வேண்டும். அதே நேரத்தில் அவருக்கு உங்கள் பச்சை விளக்கு தெரியும். அவர் தன் வழியில் போகலாம். நடுக்கடலில் சிக்னல் கம்பம் நட முடியாது. அதனால் ஒவ்வொரு கப்பலையும் ஒரு சிக்னல் கம்பமாக ஆக்கியிருக்கிறார்கள்.

விளக்குகள் எந்தக் கோணத்தில் தெரிய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பக்க விளக்குகள் முன்னாலிருந்து பக்கவாட்டைச் சற்றுத் தாண்டும் வரை, ஒவ்வொன்றும் 112.5 பாகை. பின்னால் ஒரு வெள்ளை விளக்கு, 135 பாகை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 360 வரும். ஒரு வட்டத்தில் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு விளக்கு தெரியும். தெரிகிற நிறத்தை வைத்து அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று இருட்டிலேயே சொல்லிவிடலாம்.

மோதப்போகிறோம் என்று எப்படித் தெரியும்?

இதற்கு ராடார்கூட வேண்டாம். படகில் ஒரு கம்பம் இருந்தால் போதும்.

படகை ஒரே திசையில் நேராக ஓட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி, தூரத்தில் தெரியும் கப்பல் விளக்கை அந்தக் கம்பத்தோடு பொருத்திப் பாருங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விளக்கு கம்பத்தை விட்டு முன்னாலோ பின்னாலோ நன்றாக நகர்ந்திருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதே கம்பத்தில் ஒட்டியபடி, ஆனால் பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கப் போகின்றன. கப்பலில் இதையே திசைகாட்டியை வைத்துப் பார்ப்பார்கள். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் அபாயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது ஏழாவது விதி. மிகப் பெரிய கப்பலோ மிக அருகில் வரும் கப்பலோ என்றால், திசை மாறினாலும் அபாயம் இருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. சந்தேகம் வந்தால்? அபாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள் என்கிறது. அரைகுறைத் தகவலை வைத்து, அதிலும் ராடாரில் கிடைத்த அரைகுறைத் தகவலை வைத்து, எந்த முடிவுக்கும் வராதே என்று அதே விதியில் ஒரு வரி இருக்கிறது. எத்தனையோ உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கிய பாடம் அது.

ராடார் இருந்தும் மோதிய கப்பல்கள்

1956 ஜூலை 25. 'ஆண்ட்ரியா டோரியா' என்ற இத்தாலியச் சொகுசுக் கப்பல் ஜெனோவாவிலிருந்து நியூயார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது. நியூயார்க்கிலிருந்து சுவீடன் நோக்கிக் கிளம்பியிருந்தது 'ஸ்டாக்ஹோம்'. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் அடர்ந்த மூடுபனி. இரண்டு கப்பலிலும் ராடார் இருந்தது. பல மைல் தூரத்திலேயே ஒன்றை ஒன்று ராடாரில் பார்த்துவிட்டன.

ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்து ஒவ்வொருவரும் வெவ்வேறு கதையைப் படித்தார்கள். இத்தாலியக் கப்பலில் இருந்தவர்கள், எதிரே வருவது தங்கள் வலப்பக்கமாகக் கடந்துவிடும் என்று நினைத்து, இடைவெளியைக் கூட்டச் சிறிதளவு இடப்பக்கம் திரும்பினார்கள். சுவீடன் கப்பலில் இருந்தவரோ, எதிரே வருவது தன் இடப்பக்கமாகக் கடக்கும் என்று நினைத்து வலப்பக்கம் திரும்பினார். கல்யாண மண்டப வாசல் நடனம்தான். மூடுபனியிலும் 'ஆண்ட்ரியா டோரியா' பெரிதாக வேகத்தைக் குறைக்கவில்லை. இரவு சுமார் 11.10-க்கு, பனிக்கட்டியைத் தாங்கும்படி பலப்படுத்தப்பட்டிருந்த 'ஸ்டாக்ஹோம்' கப்பலின் அணியம், 'ஆண்ட்ரியா டோரியா'வின் விலாவில் புகுந்தது.

இத்தாலியக் கப்பலில் 46 பேர், சுவீடன் கப்பலில் 5 பேர் இறந்தார்கள். சுற்றியிருந்த கப்பல்கள் விரைந்து வந்ததால் 1,660 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 'ஆண்ட்ரியா டோரியா'வின் அறையில் தூங்கிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, மோதிய 'ஸ்டாக்ஹோம்' கப்பலின் நசுங்கிய அணியத்தில் உயிரோடு கிடைத்தாள். மறுநாள் காலை 'ஆண்ட்ரியா டோரியா' மூழ்கியது.

இன்றைய விதிகளில் இரண்டு கட்டளைகளைப் படிக்கும்போது அந்த இரவு நினைவுக்கு வரும். ஒன்று, கண்ணுக்கு எதுவும் தெரியாத மூடுபனியில், முன்னால் இருக்கும் கப்பலுக்காகத் திரும்புவதென்றால், முந்திச் செல்லும் நேரம் தவிர, இடப்பக்கம் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். இரண்டு, எதைச் செய்தாலும் முன்கூட்டியே, பெரிதாக, எதிரே இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்ய வேண்டும். இரண்டு பாகை, மூன்று பாகை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதால் பயனில்லை. எதிராளிக்கு நீங்கள் திரும்பியதே தெரியாது. ஒதுங்குவது மட்டும் போதாது, ஒதுங்குவது தெரியவும் வேண்டும்.

கருவிகள் கூடினால் விபத்து நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. 2017 ஜூன் 17 அதிகாலையில், ஜப்பானுக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான 'ஃபிட்ஸ்ஜெரால்டு'ம் 'ஏசிஎக்ஸ் கிரிஸ்டல்' என்ற சரக்குக் கப்பலும் மோதின. தூக்கத்திலிருந்த 7 அமெரிக்க மாலுமிகள் இறந்தார்கள். சரக்குக் கப்பல் தங்கள் வலப்பக்கத்தில் இருந்தது, ஆகவே வழிவிட வேண்டியது போர்க்கப்பல்தான் என்று அமெரிக்கக் கடற்படையின் அறிக்கையே சொன்னது. உலகின் மிக நவீனக் கருவிகள் இருந்த கப்பல் அது. தவறியது முதல் பாடத்தில்.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. அதே 2017-ல், ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே எரிவாயுக் கப்பல் ஒன்றும் எண்ணெய்க் கப்பல் ஒன்றும் மோதிக்கொண்டன. கறுப்பு எண்ணெய் கரையெங்கும் ஒதுங்க, இளைஞர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளி வாளியாக அள்ளிய காட்சி சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது.

யாருக்கு யார் வழிவிட வேண்டும்?

இப்போது நம் மீனவர் விஷயத்துக்கு வருவோம். கடல் விதிகளில் ஒரு படிநிலை உண்டு. இயந்திரம் பழுதாகிக் கட்டுப்பாட்டை இழந்த கப்பலுக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். கடலடியில் கம்பிவடம் போடுவது, தூர்வாருவது போன்ற வேலையால் திரும்ப முடியாத கப்பலுக்கும் அப்படியே. அதற்கு அடுத்தது மீன்பிடிக்கும் படகு. பிறகு பாய்மரம். கடைசியில் சாதாரண விசைக்கலம். கீழே இருப்பது மேலே இருப்பதற்கு வழிவிட வேண்டும். இதில் அளவு ஒரு பொருட்டே இல்லை. லட்சம் டன் சரக்குக் கப்பலும், வலை போட்டிருக்கும் சிறு படகுக்கு ஒதுங்கத்தான் வேண்டும்.

ஆனால் 'மீன்பிடிக்கும் படகு' என்றால் எது? இங்கேதான் கவனம் தேவை. வலையோ, தூண்டில் கயிறோ, இழுவை வலையோ கடலில் கிடந்து, அதனால் படகு இஷ்டம்போல் திரும்ப முடியாத நிலையில் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது மீன்பிடிக்கும் படகு. ஓடிக்கொண்டே இழுக்கும் தூண்டில் இதில் சேராது. கரையிலிருந்து மீன்பாட்டுக்குப் போகிற வழியிலும், மீனோடு கரைக்குத் திரும்புகிற வழியிலும் அது வெறும் விசைக்கலம்தான். வலப்பக்கம் வருகிற கப்பலுக்கு அதுவும் வழிவிட்டே ஆக வேண்டும். "நாங்கள் மீன்பிடிப் படகு, கப்பல்தான் ஒதுங்கும்" என்று எப்போதும் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

வலை போட்டிருக்கும்போதும் அதைச் சொல்ல விளக்கு வேண்டும். இழுவை வலை என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வலை, தூண்டில் என்றால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. சுற்றிலும் தெரிய வேண்டும். பகலில், முனையோடு முனை சேர்ந்த இரண்டு கறுப்புக் கூம்புகளை உயரத்தில் கட்ட வேண்டும். இந்த அடையாளம் இல்லையென்றால் கப்பலில் இருப்பவருக்கு அது ஏதோ ஒரு படகு. வலை கிடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. கப்பல்கள் மிகுந்த இடங்களில் கடலுக்கும் ஒருவழிப்பாதை போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் 1967-ல் இது தொடங்கியது. நமக்கு அருகே இலங்கையின் தென்கோடியில், டோண்ட்ரா முனைக்கு அப்பால் அப்படியொரு பாதை இருக்கிறது. சூயஸ் பக்கமிருந்து சிங்கப்பூர் பக்கம் போகிற கப்பல்கள் அந்த வழியாகத்தான் வரிசைகட்டிப் போகின்றன. இத்தகைய பாதைக்குள் மீன்பிடிக்கும் படகு, பாதையில் போகும் கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்கிறது விதி. துறைமுக வாயில் போன்ற குறுகிய கால்வாயிலும் அப்படியே.

ஆறு நிமிடம் நாற்பது விநாடி

20 மீட்டருக்குக் குறைவான, ஆனால் 12 மீட்டருக்குக் குறையாத விசைப்படகை எடுத்துக்கொள்வோம். அதன் பக்க விளக்குகளும், சிவப்பு-வெள்ளை மீன்பிடி விளக்குகளும் குறைந்தது 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர். ஒரு சரக்குக் கப்பல் மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வருகிறது. அந்த 2 மைலைக் கடக்க எவ்வளவு நேரம்? 6 நிமிடம் 40 விநாடி. ஒரு பானை சோறு வடிக்கக்கூட அந்த நேரம் போதாது. அதற்குள் கப்பலில் இருப்பவர் விளக்கைப் பார்க்க வேண்டும், என்ன படகு என்று புரிந்துகொள்ள வேண்டும், திசை மாறுகிறதா என்று கணிக்க வேண்டும், சுக்கானைத் திருப்ப வேண்டும், அந்த மலை திரும்ப வேண்டும்.

நிறுத்திவிடக் கூடாதா? முழு வேகத்தில் போகும் கப்பல், இயந்திரத்தைப் பின்னோக்கி முழுவிசையில் ஓட்டினால், தன் நீளத்தைப் போல் 15 மடங்கு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 300 மீட்டர் கப்பலுக்கு அது நாலரைக் கிலோமீட்டர். விளக்கு தெரியும் தூரமே 3.7 கிலோமீட்டர்தானே!

அதைவிட முக்கியமான ஒன்று. கன்டெய்னர்களை அடுக்கியிருக்கும் கப்பலில், மேல்தளத்தில் நிற்பவருக்கு அணியத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் கடலே தெரியாது. இந்த மறைவு, கப்பலின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அல்லது 500 மீட்டர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அதாவது, 500 மீட்டர் வரை தெரியாமலிருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அருகே வந்துவிட்ட பிறகு "நம்மைப் பார்த்திருப்பார்கள்" என்று நம்புவதில் பொருளே இல்லை.

2021 ஏப்ரல் 13 அதிகாலை, மங்களூருவுக்கு அப்பால் ஆழ்கடலில், கேரளத்தின் பேப்பூரிலிருந்து போன படகோடு ஒரு சரக்குக் கப்பல் மோதியது. படகில் 14 பேர். தமிழ்நாட்டுக்காரர்களும் மேற்கு வங்கத்துக்காரர்களும். இருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் கரைக்கு வருவது ஒரு சில உடல்கள்தான். மற்ற வீடுகளில், ஆளும் இல்லாமல் உடலும் இல்லாமல், எதை வைத்து அழுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

கடலில் ஹாரன் மொழி

கப்பலின் ஊதலுக்கும் ஓர் அகராதி உண்டு. ஒரு குறுகிய ஊதல்: நான் வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு: இடப்பக்கம் திரும்புகிறேன். மூன்று: இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறேன். வேகமாக ஐந்து அல்லது அதற்கு மேல்: நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. மூடுபனியில் ஓடும் விசைக்கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஒரு நீண்ட ஊதல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

படகில் இருப்பவர்களுக்கு இந்த ஐந்து ஊதல் காதில் விழுந்தால், "ஏதோ கப்பல் ஊதுகிறது" என்று படுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி.

வழி நமக்கே உரியதாக இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. வழிவிட வேண்டியவர் ஒருவர் என்றால், மற்றவர் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். அதுவும் ஒரு கடமைதான். அவர் மாறாமல் போனால்தான் ஒதுங்குகிறவர் கணக்கிட்டு ஒதுங்க முடியும். ஆனால் வழிவிட வேண்டியவர் விடவில்லை என்று தெரிந்தால், நாமே விலகலாம். அவர் ஒருவர் மட்டும் திரும்பினால் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால், நாமும் விலகியே ஆக வேண்டும். "என் பக்கம்தான் நியாயம்" என்று நேராகப் போய் முட்டிக்கொள்ள எந்த விதியும் அனுமதிக்கவில்லை.

வீட்டிலிருப்பவர்கள் கேட்கலாம்

கடலுக்குப் போகிறவரிடம் "அரிசி இருக்கா, ஐஸ் ஏத்தியாச்சா, டீசல் போதுமா" என்று கேட்கும் வீடுகளில், இன்னும் நாலு கேள்வி கேட்கலாம்.

முதலாவது, ராத்திரி யார் முழித்திருப்பது? எல்லாக் கலங்களும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஐந்தாவது விதி. வலை இழுத்த களைப்பில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் படுத்துவிட்டால், படகு நின்றுவிட்டதாகத் தோன்றும். நங்கூரம் போடாமல் மிதக்கும் படகு, விதியின்படி ஓடிக்கொண்டிருக்கும் படகுதான். முறை வைத்து ஒருவராவது விழித்திருக்க வேண்டும். ஸ்ராங்கு ஒருவரே ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்வார் என்பது நடக்கிற காரியமில்லை.

இரண்டாவது, சிவப்பு, பச்சை விளக்குகள் எரிகின்றனவா? உப்புக்காற்றில் ஒயர் அரித்துப்போவது வழக்கம். கிளம்பும் முன்பு கரையில் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளவென்று வண்ண வண்ண எல்.ஈ.டி. விளக்குகளைப் படகு முழுக்கக் கட்டுவது இப்போது ஒரு மோஸ்தர். அவை விதிப்படியான விளக்குகளை மறைத்துவிடும். வேறு விளக்கென்று தப்பாகப் புரிந்துகொள்ள வைக்கும், இருட்டில் பார்க்கும் நம் ஆளின் கண்ணையும் கூசச்செய்யும். இந்த மூன்று காரணங்களுக்காகவே அத்தகைய விளக்குகளை விதி தடுக்கிறது.

மூன்றாவது, ராடாரில் படகு தெரியுமா? மரமும் ஃபைபரும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. உலோகத் தகடுகளால் ஆன ராடார் பிரதிபலிப்பான் ஒன்றை உயரத்தில் கட்டினால், கப்பலின் திரையில் படகு தெரிய வாய்ப்பு கூடும்.

நான்காவது, வி.எச்.எஃப். ரேடியோ 16-ஆம் சேனலில் இருக்கிறதா? கப்பல்கள் காது கொடுத்துக் கேட்கும் சேனல் அதுதான். அரட்டைக்கு வேறு சேனல் இருக்கிறது.

இவ்வளவையும் மீனவரே செய்தால், கப்பலுக்குப் பொறுப்பில்லையா என்று கோபம் வரலாம். நியாயமான கோபம். கண்காணிக்க ஆள் வைக்காத கப்பலும், மோதிவிட்டு நிற்காமல் போகிற கப்பலும் குற்றம் செய்கின்றன. அவற்றைப் பிடித்து விசாரிக்கத்தான் வேண்டும். கப்பலின் பயணத்தைப் பதிவு செய்யும் கருவிகளும், தானாகத் தன் அடையாளத்தை அறிவிக்கும் கருவிகளும் இருப்பதால் இப்போது தப்பித்துப் போவது முன்போல் எளிதல்ல. ஆனால் விசாரணை வருவது விபத்துக்குப் பிறகு. விளக்கு எரிவது விபத்துக்கு முன்பு.

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் தலையாக இரண்டாவது விதி ஒன்று இருக்கிறது. விதியைக் கடைப்பிடித்தேன் என்பதையே சாக்காகச் சொல்லி, நல்ல மாலுமி எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை யாரும் கைவிட முடியாது என்கிறது அது. உடனடி ஆபத்தைத் தவிர்க்கத் தேவைப்பட்டால், விதியை விட்டு விலகவும் அதுவே இடம் தருகிறது. எத்தனை விதி எழுதினாலும், கடைசியில் இருட்டைப் பார்த்துக்கொண்டு ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

(அடுத்த வாரம்: கலங்கரை விளக்கங்கள் ஏன் ஒன்றுபோல மின்னுவதில்லை?)